இராயப்பரின் ஊரில் இரண்டு நாட்கள்

திருத்தூதர்களுக்கு நம் பாட்டனாரும் பாட்டிமாரும் வழங்கிய பெயர்களை இன்றைய இளைஞர் பலர் அறியார். பவுலைச் சின்னப்பர் என்றனர். யோவானை அருளப்பர் என்றனர். வலையை விட்டு ஆண்டவரைப் பின்சென்ற பேதுருவை இராயப்பர் என்று உரிமையோடு அழைத்தனர். அந்த இராயப்பரின் பெயரைத் தாங்கி ஓர் ஊரே சென்னைப் பட்டினத்தின் வடபகுதியில் இருக்கிறது. அதுவே இராயபுரம். கடலோரத்தில் வாழ்ந்த கத்தோலிக்கப் படகோட்டிகள் தங்கள் பாதுகாவலருக்கு எழுப்பிய ஆலயத்தாலேயே ஊர் இப்பெயர் பெற்றது என்பர்.

சென்ற ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நாங்கள் இருவரும் அவ்வூருக்குச் சென்று இரண்டு நாட்கள் தங்கியிருந்தோம். சுற்றிப் பார்க்கச் செல்லவில்லை. ஒரு குடும்பக் காரியமாகவே சென்றோம்.

எங்கள் பெரியம்மா ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புதுமணப் பெண்ணாக இராயபுரத்துக்கு வந்தவர். இப்போது எழுபத்து நான்கு வயது. பெரியப்பா இறைவனடி சேர்ந்துவிட்டார். மகன், மருமகள், பிளஸ் டூ படிக்கும் பேத்தி, ஆறாம் வகுப்பில் இருக்கும் பேரன் ஆகியோருடன் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்து வருகிறார். மகன் விசைப்படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அவர்தான் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, திருநின்றவூருக்கு அப்பால் ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன். வங்கிக் கடனும் சரியாகிவிட்டது. மாத முடிவுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அம்மா வரமாட்டேன் என்கிறார். நீங்களும் அண்ணியும் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.”

உண்மையைச் சொன்னால், போகும்போதே நாங்கள் மகனின் பக்கம் சாய்ந்துதான் இருந்தோம். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு கிடைக்கும்போது, நெரிசல் மிகுந்த அந்தச் சந்தில் இன்னும் ஏன் துன்பப்பட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். பெரியம்மாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை இரவு ரயிலிலேயே பேசி முடிவு செய்துகொண்டோம்.

எழும்பூரில் இறங்கி, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, இராயபுரம் நிலையத்தை அடைந்தோம். இந்நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் எழுவதற்கு முன் சென்னைக்கு வருவோர்க்கும் போவோர்க்கும் இதுவே வாயில். உயர்ந்த தூண்களோடு நிற்கும் இதன் பழைய கட்டடம், நம் நாட்டில் இன்றும் நிலைத்திருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது எனப் போற்றப்படுகிறது. இப்போது அங்கே மீன் கூடையோடு செல்லும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுமே மிகுதியாக ஏறி இறங்குகின்றனர்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்களின் இரைச்சல், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, கல்மண்டபம் பக்கத்துக் கடைகளின் கூவல், இவை அனைத்துக்கும் மேலாக மீனும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாடை. பெரிய தெருவிலிருந்து சிறு தெரு, சிறு தெருவிலிருந்து சந்து, சந்தின் நடுவில் பெரியம்மாவின் வீடு. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பித்தான் நடக்க வேண்டும். வாசல்தோறும் நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள். ஒரு வீட்டு வாசலில் மாதா சுரூபம். அடுத்த வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம். அதற்கடுத்த நிலைப்படியில் பிறைச் சின்னம்.

“வாங்க பிள்ளைங்களா! பயணம் நல்லா இருந்துச்சா?” என்று வரவேற்ற பெரியம்மா, நாங்கள் உட்காருவதற்குள் காபி கொடுத்துவிட்டார். அந்தக் காபிக்குப் பால் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மறுநாள் காலை அந்த வீடு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டோம். மூன்றரை மணிக்கே பேத்தி எழுந்துவிட்டாள். அந்த வீட்டில் அமைதி நிலவும் நேரம் அது ஒன்றுதான். சமையலறையில் தண்ணீர் டிரம்மின் மேல் ஒரு பலகையை வைத்து, அதையே மேசையாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அடிபம்பின் ஓசை கேட்டதும் புத்தகத்தையும் பலகையையும் எடுத்துவிட்டாள். டிரம்மைத் திறந்து தண்ணீர் நிரப்ப வேண்டுமல்லவா? சந்துக்குப் பொதுவான பம்பு அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. எழுதி வைக்காத முறை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலிடம். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அடுத்த இடம். வயதானவர்களின் குடங்களை இளைஞர்கள் நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போகின்றனர். 2019ஆம் ஆண்டின் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, பட்டினமே லாரித் தண்ணீருக்குத் தவித்தது நமக்கு நினைவிருக்கும். அந்நாட்களிலும் இந்த முறை மாறவில்லையாம்.

ஆறு மணிக்குத் திருப்பலி. அதற்குப் பின் பெரியம்மாவுடன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை அது. தடை முடிந்து படகுகள் சென்று, முதல் மீனோடு திரும்பத் தொடங்கியிருந்தன. ஏலம் கூறும் குரல்கள், ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், கூடைகளைச் சுமப்போரின் ஓட்டம் என அவ்விடமே திருவிழாக்கோலம் பூண்டிருந்தது. வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் குவியல் குவியலாகக் கிடந்தன. ஜூன் 29இல் இராயப்பர் சின்னப்பர் திருநாள் வருகிறது. இரண்டு மாதம் கரையில் கட்டிக் கிடந்த படகுகள் கடல் கண்டு, கையில் நாலு காசு வரும் நேரத்திலேயே மீனவரான இராயப்பரின் திருநாளும் வருவது இவ்வூர் மக்களுக்கு இரட்டை மகிழ்ச்சி.

“அந்த இரண்டு மாதமும் இவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், பெரியம்மா?” என்று கேட்டோம்.

அவர் சொன்ன கணக்கு எங்களுக்குப் புதிதாக இருந்தது. தடைக்காலத்தில் அரசு தரும் நிவாரணத் தொகை உண்டு. ஆனால் அது குடும்பச் செலவு முழுமைக்கும் எட்டாது. படகில் செல்வோருக்கு வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களில்தான் படகுகளுக்குப் பழுது பார்க்கும் வேலை நடைபெறும். எனவே மெக்கானிக்குக்கு அது கை நிறைய வேலை உள்ள காலம். அப்போது பெரியம்மாவின் வீட்டிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு அரிசியும் கைமாற்றும் செல்லும். தடை நீங்கிப் படகுகள் புறப்பட்டுவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை குறையும். அப்போது அந்த வீடுகளிலிருந்து மீனும் பணமும் திரும்பி வரும். “எழுதி வைக்கிறதில்லை. யாரும் ஏமாத்தினதும் இல்லை” என்றார் பெரியம்மா. பொருளாதாரம் கற்றோர் இதற்கு என்ன பெயர் சூட்டுவரோ அறியோம். ஒரே சந்தில் இருவேறு பருவங்களில் சம்பாதிப்போர் அடுத்தடுத்து வாழ்வதால் இருவரும் பிழைக்கின்றனர் என்பது மட்டும் விளங்கியது.

திரும்பும் வழியில் பழைய செய்திகள் பலவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் மக்களையும் சரக்குகளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தனர். இரும்பாணி அறைந்த படகு அலையின் அடியில் உடைந்துபோகும். கயிற்றால் தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். அப்படகுகளைச் செலுத்தியவர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர்.

மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சி மக்களின் அக்கினி ஆலயம் ஒன்று உள்ளது. 1910இல் எழுந்தது, தமிழ்நாட்டில் அவர்களுக்கு உள்ள ஒரே ஆலயம் இதுவே. சற்றுத் தொலைவில் ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் அதனை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782ஆம் ஆண்டு வாக்கில், போராலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்து பட்டினத்தை நோக்கி ஓடிவந்த ஏழைகளுக்கு இங்கிருந்த மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்தனர். கஞ்சி குடிக்க வந்தவர்களுள் நோயாளிகளும் இருந்தமையால் மருந்தும் கொடுக்க நேர்ந்தது. பசித்தவனுக்கு வைத்த கஞ்சித் தொட்டியே நாளடைவில் பெரும் மருத்துவமனையாக வளர்ந்தது. அதனைச் சார்ந்த இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையில்தான் பெரியம்மாவின் மகனும் பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். “பிரசவத்துக்கு நடந்தே போனேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு கையிலே பையும் இன்னொரு கையிலே என்னையும் பிடிச்சிக்கிட்டு வந்தாங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

இவையெல்லாம் கேட்கக் கேட்க எங்கள் உறுதி சற்றே தளர்ந்தது. ஆயினும் அன்று நண்பகலில் மருமகள் எங்களிடம் தனியே மனம் திறந்து பேசியபோது, மறுபக்கத்தின் நியாயத்தையும் உணர்ந்தோம்.

“அண்ணி, அத்தை சொல்வதெல்லாம் உண்மைதான். எனக்கும் இந்தச் சந்து பிடிக்கும். ஆனால் வயதுக்கு வந்த பெண் உடை மாற்றுவதற்கு, வீட்டில் உள்ள ஆண்களை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சாக்கடை நீர் முழங்கால் அளவு உள்ளே வந்தது. அவள் புத்தகமெல்லாம் நனைந்து போயிற்று. அத்தையைக் கட்டிலோடு தூக்கி மேல்மாடி வீட்டில் வைத்தோம். இன்னொரு மழையை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.”

அவர் கண் கலங்கியது. இதற்கு நாங்கள் என்ன மறுமொழி கூற முடியும்? ஏழ்மையின் நெருக்கடியைத் தூரத்திலிருந்து புகழ்வது எளிது. அதற்குள் நின்று ஐந்து பேருக்குச் சோறு வடிப்பவருக்கே அதன் பாரம் தெரியும். நாசரேத்தின் வீடும் சிறியதாகத்தான் இருந்திருக்கும். அதற்காகத் தாய் ஒருத்தி தன் மகளுக்கு ஒரு கதவு வேண்டும் என்று கேட்பது பேராசையாகிவிடாது.

மாலையில் சந்து மறுபடியும் நிறைந்தது. இரு வீட்டுத் திண்ணைகளுக்கு நடுவே கேரம் பலகை வந்து அமர்ந்தது. வடசென்னைக்கும் கேரம் ஆட்டத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியும். 1991லும் 1995லும் உலக வாகையராகி, 1996இல் அர்ச்சுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னையைச் சேர்ந்தவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். இந்த வடசென்னைப் பெண். பெரியம்மாவின் பேரனும் அந்தக் கனவோடுதான் ஸ்டிரைக்கரைச் சுண்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் நான்கு பையன்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று யோசனை சொன்னவர்கள் பதினைந்து பேர்!

ஏழரை மணி ஆனதும் கேரம் பலகை சுவரில் சாய்க்கப்பட்டது. பெரியம்மா மெழுகுதிரியை ஏற்றிச் செபமாலையைத் தொடங்கினார். முன்னறையில் இடம் போதாமையால் சிலர் வாசற்படியிலும் சிலர் சந்திலும் முழந்தாளிட்டனர். அடுத்த வீட்டு இஸ்லாமிய அம்மையார் தம் வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைத் தாமாகவே குறைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து பெரியம்மாவின் மடியில் ஏறிச் செபமாலையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டது. அதன் தாய் திருநீறு அணிந்தவள். அவள் பதறி ஓடி வரவில்லை. பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று தன் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு உணவுக்குப் பின், வந்த காரியத்தைப் பேச உட்கார்ந்தோம். நாங்கள் தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினோம். காற்று, வெளிச்சம், பேத்தியின் படிப்பு, மழைக்காலத்து அச்சம் ஆகிய அனைத்தையும் சொன்னோம். பெரியம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நிதானமாகப் பேசத் தொடங்கினார்.

“2004ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருநாள். பூசை முடிஞ்சு வந்து அடுப்பைப் பத்த வைக்கிறேன். கடல் வந்துடுச்சுன்னு கத்திக்கிட்டு ஜனங்க ஓடி வர்றாங்க. நம்ம சந்து வரைக்கும் தண்ணி வரல. ஆனா கரையிலே இருந்தவங்க, கட்டின துணியோட வந்து நின்னாங்க. உங்க பெரியப்பா யாரையும் பேர்கூடக் கேக்கல. கதவைத் திறந்து விட்டார். இந்த இரண்டு அறையிலே பதினேழு பேர், ஒன்பது நாள் இருந்தோம். இடம் போதலன்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்லை.”

நாங்கள் அந்த இரண்டு அறைகளையும் நிமிர்ந்து பார்த்தோம். சுனாமி வந்த ஆண்டு நமக்குத் தெரியும். அந்நாள் திருச்சபையின் திருக்குடும்பத் திருநாளாக இருந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? எகிப்துக்கு ஓடிப்போன குடும்பத்தை நினைவுகூரும் அந்த நாளில், இச்சந்தின் சிறு வீடுகள் ஓடிவந்த குடும்பங்களுக்குத் தங்குமிடமாயின.

பெரியம்மா மகனைப் பார்த்தார். “வீடு நல்லா இருக்குன்னு சொல்றே. இருக்கட்டும். அங்கே பக்கத்து வீட்டிலே யாரு இருக்காங்க?”

மகன் விழித்தார். “அம்மா, அது புதுக் கட்டடம். ஒரு மாடிக்கு நான்கு வீடு. யாரோ இருப்பார்கள். யார் என்று எப்படித் தெரியும்?”

“நாலு தடவை போய்ப் பார்த்திருக்கே. சுவரைத் தட்டிப் பார்த்திருக்கே, குழாயைத் திறந்து பார்த்திருக்கே. பக்கத்துக் கதவை ஒரு தடவையாவது தட்டிப் பார்த்தியா?”

ஒருவரும் பேசவில்லை. அந்தக் கேள்வி மகனைக் கேட்டதாயினும், எங்கள் நெஞ்சில் வந்து தைத்தது. நாங்கள் வாழும் வீட்டில் நான்கு அறைகள் உண்டு. சுற்றுச்சுவர் உண்டு. எங்கள் மேற்குப்பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் இரவு அவ்வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். பிறகு திரையை இழுத்து மூடிக்கொண்டோம். யாருக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை கேட்டதில்லை. பெரியம்மாவுக்குப் புத்தி சொல்ல இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள் நாங்கள்!

சட்ட அறிஞன் ஒருவன் தன் அயலான் யார் என்று ஆண்டவரிடம் கேட்டான். ஆண்டவர் நல்ல சமாரியனின் கதையைச் சொன்னார். அதனை மறைக்கல்வி வகுப்பு முதல் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அக்கேள்வியை நம் தெருவில், நம் மாடிப்படியில், நம் பக்கத்துக் கதவின் முன் நின்று கேட்டுப் பார்த்ததில்லை.

சற்று நேரம் கழித்துப் பெரியம்மாவே மௌனத்தைக் கலைத்தார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ மத்தியானம் அழுதது எனக்குத் தெரியும்மா. மழையிலே என்னைக் கட்டிலோட தூக்கினவ நீ. உன் மகளுக்கு ஒரு கதவு வேணும்னா அதுக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன். நான் வர்றேன். ஆனா முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே கூட்டிக்கிட்டுப் போங்க. நான் கதவைத் தட்டிப் பார்க்கறேன்.”

நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லாமற் போயிற்று.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெரியம்மா வழக்கம்போல் அரண்மனைக்காரத் தெரு அந்தோணியாரிடம் செல்லப் புறப்பட்டார். ஆர்மேனியர் வாழ்ந்ததால் ஆர்மேனியன் தெரு எனப் பெயர் பெற்று, மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெருவாக மாறிய அந்த வீதியில், புனித மரியன்னை இணைப் பேராலயத்தில் செவ்வாய்தோறும் பல சமயத்தாரும் திரண்டு வந்து அந்தோணியாரை வேண்டுகின்றனர். நாங்களும் உடன் சென்று வணங்கிவிட்டு, அன்றிரவே ஊர் திரும்பினோம். புறப்படும்போது சந்தின் மூன்று வீடுகளிலிருந்து எங்களுக்குக் கருவாட்டுப் பொட்டலங்கள் வந்தன. எங்கள் பெயர் கூட அவர்களுக்குத் தெரியாது; பெரியம்மாவின் தங்கை வீட்டுப் பிள்ளைகள் என்பது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு இரவு தம்பி தொலைபேசியில் அழைத்தார். அம்மா புது வீட்டைப் பார்த்துவிட்டாராம். அறைகளைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்றாம். அதற்குப் பின் அந்த மாடியின் மற்ற மூன்று கதவுகளையும் தட்டினாராம். முதல் கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது கதவு சங்கிலி அளவுக்கே திறந்து, “எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்” என்ற குரலோடு மூடிக்கொண்டது. மூன்றாவது கதவைத் திறந்தவள், கைக்குழந்தையோடு தனியே இருந்த ஓர் இளம்பெண். கணவன் வேலைக்குச் சென்றிருக்கிறான். அவளுடைய தாய் வீடோ தொலைதூர ஊர். குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். பெரியம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவிக் கொடுத்து, அது உறங்கிய பிறகு, டாக்டரிடம் காட்டிவிடும்படி அவளிடம் சொல்லிவிட்டே வெளியே வந்திருக்கிறார்.

“அம்மா என்ன சொன்னார்?” என்று ஆவலோடு கேட்டோம்.

“‘மூணுலே ஒரு கதவு திறந்துச்சு. ஆரம்பிக்க இது போதும். பணத்தைக் கட்டு’ என்றார், அண்ணே. பாப்பாவின் தேர்வு முடிந்ததும் குடிபோகிறோம். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தோணியாரிடம் வந்துவிட்டு, அப்படியே நம் சந்துக்கும் வந்துதான் திரும்புவாராம். வண்டி நேராக இராயபுரம் வருகிறதே என்கிறார்.”

அன்பு வாசகர்களே! நம்மில் பலர் சந்துகளிலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். அது தவறன்று. பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தனி அறையும் தேடுவது பெற்றோரின் கடமையே. ஆனால் கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றிய நாம், அந்தச் சந்தில் கற்றதைப் பின்னால் விட்டுவிட்டோமா? மசூலாப் படகின் பலகைகளைச் சேர்த்துப் பிடித்தது ஆணியன்று, தையல். குடும்பத்தோடு குடும்பத்தைச் சேர்ப்பதும் அத்தகைய தையலே. அதனை யாரும் கட்டித் தரமாட்டார்கள்; ஒரு குடம் தண்ணீர், ஒரு டம்ளர் பால், ஒரு நேரத்துக் கைமாற்று என நாமே ஒவ்வொன்றாய்க் கோத்தாக வேண்டும்.

தொலைபேசியை வைத்த பின் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இராயபுரத்துக் கருவாட்டில் ஒரு பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. மணி எட்டைத் தாண்டவில்லை. அதை எடுத்துக்கொண்டு மேற்குப்பக்கத்து வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டினோம். சற்று நேரம் ஆயிற்று. பிறகு உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு முதியவர் மெல்ல வந்து கதவைத் திறந்தார். அன்றிரவு ஆம்புலன்ஸில் சென்றவர் அவருடைய மனைவி என்பதையும், அந்த அம்மையார் திரும்பி வரவில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

“உள்ளே வாருங்கள்” என்றார் அவர். உள்ளே சென்றோம்.